தியேட்டர் திரை இருட்டாக இருக்கிறது என்று எதை வைத்து அளப்பது? லக்ஸ் மீட்டர் போதுமா?

#1 · இரவுக்காட்சி

வணக்கம். நான் உதவி ஒளிப்பதிவாளர். நான் வேலை செய்த முதல் படம் போன மாதம் வெளியானது. பாதிக்கு மேல் இரவுக் காட்சிகள். சென்னையில் கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் வேலை) செய்த அறையில் பார்த்தபோது, வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும் அம்மாவின் முகம், பின்னால் இருக்கும் மண்சுவர், சுவரில் மாட்டிய முறம் வரைக்கும் தெரிந்தது. அந்த முறத்துக்காக ஒரு சின்ன விளக்கை எங்கே வைப்பது என்று நான் ஒரு மணி நேரம் அலைந்திருக்கிறேன்.

ஊருக்குப் போய் வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தியேட்டரில் பார்த்தேன். முறம் இல்லை, சுவர் இல்லை, அம்மாவின் முகமே ஒரு கறுப்புத் திட்டு. அப்பா திரும்பி, "ஏம்ப்பா, லைட்டே போடாம எடுத்தீங்களா?" என்று கேட்டார். இடைவேளையில் மேனேஜரிடம் சொன்னேன். "எல்லாப் படமும் இதே ஸ்க்ரீன்லதான் ஓடுது, யாரும் ஒண்ணும் சொன்னதில்ல" என்றார்.

மறுநாள் ஷூட்டிங்குக்கு வைத்திருக்கும் லக்ஸ் மீட்டரை எடுத்துப்போய் நடு வரிசையில் உட்கார்ந்து திரையை நோக்கிப் பிடித்தேன். அந்தக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் வரும் பகல் காட்சியில் 0.4 லக்ஸ். சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் அதே ஷாட்டுக்கு 1.1 வந்தது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசலாமா? இல்லை, வேறு மீட்டர் வேண்டுமா?

#2 · அளவுகோல்

அந்த எண்ணை வைத்துப் பேசாதீர்கள், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தோற்றுவிடுவீர்கள். நான் ஒளி அளவீட்டுக் கருவிகளுக்கு அளவுதிருத்தம் செய்யும் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் வந்து விழும் ஒளி. ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் (ஒளியின் மொத்த அளவுக்கான அலகு) விழுகிறது என்பதுதான் கணக்கு. கண் பார்ப்பது அதை இல்லை. பரப்பிலிருந்து கிளம்பி நம் திசையில் வருகிற ஒளியைத்தான் கண் பார்க்கிறது, அதற்குப் பெயர் ஒளிர்மை, அலகு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கேண்டெலா என்பது. சுருக்கமாக நிட் என்பார்கள். ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளை வேட்டியையும் கறுப்புக் குடையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டின் மேலும் விழுவது 500 லக்ஸ் என்றால் லக்ஸ் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வேட்டி நூற்றுக்கு 80 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பினால் அதன் ஒளிர்மை சுமார் 127 நிட், குடை 5 பங்கு அனுப்பினால் 8 நிட்தான். லக்ஸைத் திருப்பும் திறனால் பெருக்கிப் பையால் (π, அதாவது 3.14) வகுத்தால் இது வரும். எல்லாப் பக்கமும் சமமாக ஒளியைச் சிதறவிடும் மேட் பரப்புக்குத்தான் இந்தக் கணக்கு.

நீங்கள் சீட்டில் உட்கார்ந்து அளந்தது, திரை முழுவதும் சேர்ந்து உங்கள் மீட்டரின் வெள்ளைக் குமிழ் மேல் அனுப்பிய ஒளி. திரை பெரிதாக இருந்தால் எண் ஏறும், நீங்கள் இரண்டு வரிசை பின்னால் போனால் இறங்கும், பக்கத்துச் சுவர் வெளிர் நிறமாக இருந்தால் அதுவும் சேரும். மல்டிபிளெக்ஸில் 1.1 வந்ததற்கு நீங்கள் திரைக்குக் கிட்டே உட்கார்ந்ததுகூடக் காரணமாக இருக்கலாம்.

வேண்டியது ஸ்பாட் லுமினன்ஸ் மீட்டர். சீட்டில் உட்கார்ந்தபடி ஐபீஸ் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும், அந்த வட்டத்துக்குள் இருக்கும் இடத்தை மட்டும் அளக்கும். கோனிகா மினோல்டா எல்எஸ்-100 பழைய மாடல், அதற்குப் பின் எல்எஸ்-150 வந்தது. இரண்டுக்கும் ஒரு டிகிரி வட்டம். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திரையில் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். எல்எஸ்-110, எல்எஸ்-160 இரண்டுக்கும் டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. தியேட்டருக்கு ஒரு டிகிரி போதும். திரையில் ஒலிக்காகப் போட்டிருக்கும் பொடித் துளைகளெல்லாம் அந்த வட்டத்துக்குள் சராசரி ஆகிவிடும்.

#3 · பழைய மீட்டர்

புதிதாக வாங்கினால் லட்சங்களில் போகும் தம்பி. என்னிடம் பென்டாக்ஸ் டிஜிட்டல் ஸ்பாட்மீட்டர் இருக்கிறது, ஸ்டில் போட்டோகிராபிக்காக வாங்கியது. அதுவும் ஒரு டிகிரிதான். ஈவி (எக்ஸ்போஷர் வேல்யூ) எண்ணில் காட்டும், ஒரு எண் ஏறினால் ஒளி இரட்டிப்பு. அதை நிட் ஆக மாற்றிக்கொள்ளலாம். பழைய சாமான் விற்கும் இடங்களில் இன்றும் கிடைக்கிறது.

டிஜிட்டல் சினிமாவுக்குத் திரையின் நடுவில் 48 நிட் வேண்டும் என்பது கணக்கு, அதாவது ஒளிர்மைக்கான பழைய அலகில் 14 ஃபுட்லம்பர்ட். ஈவியை நிட் ஆக மாற்றும் கணக்கில் பென்டாக்ஸின் மாறிலி 14, அதனால் ஐஎஸ்ஓ 100-க்கு ஈவி 8.4 வர வேண்டும். செகோனிக் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மாறிலி 12.5, அவர்களுக்கு 8.6. கேமராவிலேயே பார்க்க வேண்டுமென்றால் வெள்ளைத் திரைக்கு f/4-இல் 1/24 நொடி.

#4 · அளவுகோல்

பழைய மீட்டர் சார் சொல்வது சரியான வழி, ஆனால் அதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி மூன்றில் ஒரு ஈவி படியாகத்தான் காட்டும். 8⅓ காட்டினால் 45 நிட், அடுத்த படி 8⅔ என்றால் 57 நிட். ஒரு படிக்கு 26 சதவீதம். தியேட்டருக்கு அனுமதிக்கும் வரம்பே 11 முதல் 17 ஃபுட்லம்பர்ட் வரைதான், அதாவது ஏறத்தாழ 38 முதல் 58 நிட். மொத்த வரம்பும் இரண்டு படிக்குள் அடங்கிவிடுகிறது. அப்புறம் அது ஈவி 1-க்குக் கீழே அளக்காது, அது 0.28 நிட். கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பார்க்க முடியாது. இரவுக்காட்சியின் பிரச்சினைக்குக் கறுப்பும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அது ஃபிலிமுக்காகச் செய்த கருவி. ஒளிர்மை அளக்கும் கருவியின் சென்சார் கண்ணைப் போலவே நிறங்களைப் பார்க்க வேண்டும். 1924-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட வளைகோடு ஒன்று இருக்கிறது, 555 நானோமீட்டர் பச்சையில் உச்சம், சிவப்புக்கும் நீலத்துக்கும் போகப் போகச் சரிவு. சிலிக்கான் சென்சாருக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர்களை அடுக்கி அந்த வளைகோட்டைக் கொண்டுவருவார்கள். அது எவ்வளவு பொருந்தவில்லை என்பதற்கு ஜெர்மன் தரநிலையில் ஒரு வரிசை உண்டு: எல் வகைக்கு 1.5 சதவீதம், ஏ வகைக்கு 3, பி வகைக்கு 6, சி வகைக்கு 9. விலை ஏறுவதற்கு முக்கியக் காரணம் அந்த ஃபில்டர்தான். திரையில் எத்தனை தசமப் புள்ளி காட்டுகிறது என்பதைப் பார்த்து மீட்டர் வாங்காதீர்கள்.

#5 · கேபின்

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் சேர்ந்தேன், அப்புறம் செனான் வாயு பல்ப், அப்புறம் டிஜிட்டல். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, மேனேஜரிடம் பேசாதீர்கள், ஆபரேட்டரிடம் பேசுங்கள். அவனுக்குத் தெரியும். பல்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கருவியே காட்டும். செனான் பல்ப் நாளாக நாளாக உள்பக்கம் கறுத்து, கம்பி முனை தேய்ந்து ஒளி குறைந்துகொண்டே வரும், கடைசியில் பாதிகூட ஆகிவிடும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, நான் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தெரிந்ததில்லை. புது பல்ப் மாட்டுகிற அன்றைக்குத்தான் "அடடா, இப்படியா ஓட்டிக்கொண்டிருந்தோம்" என்று மனது கஷ்டப்படும். பல்ப் நீண்ட நாள் வரட்டும் என்று கரண்டைக் குறைத்து வைப்பார்கள். அளவுக்கு மேல் குறைத்தால் உள்ளே தீப்பொறி நிலையாக நிற்காது, ஆடும், முனையும் கெட்டுப்போகும். மிச்சம் பிடிக்கப் போய் பல்பே சீக்கிரம் போய்விடும்.

ஃபிலிம் காலத்தில் 16 ஃபுட்லம்பர்ட் என்பார்கள், கேட்டில் (ஒளிக்கு முன்னால் ஃபிலிம் ஓடும் இடம்) ஃபிலிம் போடாமல், ஷட்டர் மட்டும் ஓடும்போது. அதை அளக்க வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் மீட்டரோடு வருவார். இப்போது பல ஊர்களில் அப்படி யாரும் வருவதில்லை.

#6 · லேசர் சர்வீஸ்

கேபின் அண்ணன் சொன்னதோடு இன்னும் சில சேர்க்கிறேன். நான் ப்ரொஜெக்டர் சர்வீஸ் இன்ஜினியர். திரை இருட்டு என்று கூப்பிடும் இடங்களில் பல்பைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது கேபின் கண்ணாடியை. ப்ரொஜெக்டருக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் ஜன்னல் கண்ணாடி. உள்பக்கம் துடைப்பார்கள், ஹால் பக்கம் கை எட்டாது என்று விட்டுவிடுவார்கள். அடுத்து 3டி ஃபில்டர். 3டி படம் ஓடி முடிந்ததும் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் போலரைசரை நகர்த்த மறந்துவிட்டால் சாதாரணப் படத்தின் ஒளியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2011-இல் பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்று அங்கே பல அரங்குகளில் 3டி லென்ஸைக் கழற்றாமலே 2டி படம் ஓட்டுகிறார்கள் என்று எழுதிப் பெரிய விவாதம் ஆனது.

மூன்றாவது, பல்பின் இருப்பிடம். விளக்கு அறைக்கு வெளியே மூன்று திருகுகள் இருக்கும், மேல்கீழ், இடவலம், முன்பின். பல்ப் மாற்றியபோது சரிசெய்யாமல் விட்டால் புது பல்பே மங்கலாகத்தான் தெரியும். மீட்டரைத் திரையின் நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டே திருக வேண்டும், கண்ணால் பார்த்துத் திருகினால் வராது.

ஒரு எச்சரிக்கை. பல்ப் இருக்கும் அறையை ஆர்வத்தில் யாரும் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்திருக்கும்போதே உள்ளே பல மடங்கு அழுத்தத்தில் வாயு இருக்கிறது, முகக் கவசமும் கையுறையும் இல்லாமல் நாங்களே தொடுவதில்லை.

அளவுகோல் மேடத்துக்கு ஒரு கேள்வி. நான் எல்எஸ்-100 தான் வைத்திருக்கிறேன். செனான் ப்ரொஜெக்டருக்கு நன்றாக வருகிறது. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) லேசர் ப்ரொஜெக்டரில் அளந்தால் கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் ஸ்பெக்ட்ரோவோடு ஒத்துப்போவதில்லை. என் மீட்டர் கெட்டுவிட்டதா?

#7 · அளவுகோல்

கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் மீட்டருக்கு அளவுதிருத்தம் செய்வது 2856 கெல்வின் டங்ஸ்டன் விளக்கை வைத்து. அதில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருக்கும், ஃபில்டர் ஒரு இடத்தில் கொஞ்சம் அதிகமாகவும் இன்னொரு இடத்தில் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். செனானும் ஏறக்குறையத் தொடர்ச்சிதான். ஆர்ஜிபி லேசரில் மூன்று மெல்லிய கோடுகள் மட்டும். அந்த மூன்று இடத்தில் உங்கள் ஃபில்டர் எப்படி இருக்கிறதோ அதுதான் முழுப் பிழையாக வந்து நிற்கும், ஈடுகட்ட வேறு எதுவும் இல்லை.

ஸ்பெக்ட்ரோ என்பது ஒளியைப் பிரித்து ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு என்று பார்த்து, கண்ணின் வளைகோட்டைக் கணக்கில் பெருக்கிக்கொள்ளும் கருவி. ஃபோட்டோ ரிசர்ச் பிஆர்-655, ஜெட்டி ஸ்பெக்போஸ் எல்லாம் அந்த வகை. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நீலத்தில் 465 நானோமீட்டர் பக்கம் கண்ணின் வளைகோடு செங்குத்தாக ஏறுகிறது, சிவப்பில் 638 பக்கம் செங்குத்தாக இறங்குகிறது. கருவியின் அலைநீளக் கணக்கு ஒரே ஒரு நானோமீட்டர் நகர்ந்திருந்தால் அந்த நிறத்தின் ஒளிர்மையில் சுமார் 4 சதவீதம் தப்பு வரும்.

லேசர் அரங்குக்கு என்ன செய்யலாம் என்றால், ஸ்பெக்ட்ரோ வரும் நாளில் அதே இடத்தை உங்கள் எல்எஸ்-100 வைத்தும் அளந்து, எத்தனை மடங்கு வித்தியாசம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ப்ரொஜெக்டருக்கு மட்டும் அந்த எண்ணால் பெருக்கலாம். வேறு மாடல் ப்ரொஜெக்டருக்கு அது செல்லாது.

#8 · லேசர் சர்வீஸ்

இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் ஒரு அரங்கில் இரண்டு நாள் சண்டை மிச்சமாகியிருக்கும். நன்றி மேடம்.

இரவுக்காட்சி, உங்கள் ஊர் எந்தப் பக்கம்? தனிமடல் அனுப்புங்கள். அடுத்த மாதம் அந்த வழியாக வந்தால் மீட்டர் கொண்டுவருகிறேன். உரிமையாளரிடம் முதலில் நீங்கள் பேசி அனுமதி வாங்கி வையுங்கள். படம் ஓடும்போது அளப்பதில் பயனில்லை. காலைக் காட்சிக்கு முன்னால் வெள்ளை பேட்டர்ன் போட்டு, விளக்கு 20 நிமிடமாவது எரிந்த பிறகு அளக்க வேண்டும்.

#9 · பழைய மீட்டர்

போனில் லக்ஸ் ஆப் போட்டு அளந்தேன் என்று இதே தளத்தில் வேறு இழையில் ஒருவர் எழுதியிருந்தார், அதற்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். போனின் சென்சார் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கேமரா இருந்தால் அது மேல். ரா ஃபைலில் எடுத்து நடுவையும் ஓரத்தையும் ஒப்பிடலாம். லென்ஸே ஓரத்தில் இருட்டாக்கும் என்பதால் f/8 வரை மூடிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அளக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஃப்ரேமின் நடுவில் வைத்து எடுங்கள். தியேட்டருக்குள் கேமராவைத் தூக்கினால் வேறு சிக்கல் வரும், அனுமதியோடு, வெள்ளைத் திரையை மட்டும்.

#10 · இரவுக்காட்சி

உரிமையாளரிடம் பேசினேன். நான் பயந்த மாதிரி இல்லை. "தம்பி, எனக்கும் படம் நல்லாத் தெரியணும்னுதான் ஆசை, எவன் வந்து பார்த்துச் சொல்றான்?" என்றார். அவர் அப்பா காலத்து அரங்கு. ஆபரேட்டர் அண்ணன் பல்ப் மணிக்கணக்கையும் காட்டினார், உத்தரவாதம் சொல்லும் மணி நேரத்தைத் தாண்டி நெடுநாள் ஆகிவிட்டது. லேசர் சர்வீஸ் அண்ணன் வருகிற தேதிக்குக் காத்திருக்கிறேன். லக்ஸ் மீட்டரை எடுத்து வர வேண்டாம்தானே?

#11 · அளவுகோல்

கட்டாயம் எடுத்து வாருங்கள். சீட்டில் பிடித்ததுதான் தப்பு. ஏணி போட்டுத் திரையின் மேலேயே ஒட்டினாற்போல வைத்து, குமிழை ப்ரொஜெக்டர் பக்கம் திருப்பிப் பிடித்தால், ப்ரொஜெக்டர் அனுப்பும் ஒளி எவ்வளவு என்று தெரியும். அதே இடத்தைச் சீட்டிலிருந்து ஸ்பாட் மீட்டரால் பார்த்தால், திரை அதில் எவ்வளவை உங்களுக்குத் தருகிறது என்று தெரியும். இரண்டும் இருந்தால்தான் குற்றம் ப்ரொஜெக்டரிலா திரையிலா என்று பிரிக்க முடியும். நடுவில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, மூன்று இடத்திலாவது அளங்கள். ஏணியில் ஏறுகிறவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், வெள்ளைச் சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியும் மீட்டரில் ஏறும்.

#12 · இரவுக்காட்சி

நேற்று அளந்தோம். காலை ஆறு மணிக்கே போய்விட்டோம், உரிமையாளர் பொங்கல் வாங்கி வந்திருந்தார். எல்லா எண்ணும் நடு வரிசை நடு சீட்டில், உட்கார்ந்த கண் உயரத்தில், எல்எஸ்-100 வைத்து அளந்தவை.

போன உடனே, எதையும் தொடாமல்: திரையின் நடுவில் 24.3 நிட். அதாவது 7.1 ஃபுட்லம்பர்ட். வேண்டியதில் சரியாகப் பாதி. இடது ஓரத்தில் 9.8.

கேபின் கண்ணாடியை ஹால் பக்கமிருந்து ஏணி வைத்துத் துடைத்தோம். துணியில் வந்த அழுக்கைப் பார்த்து ஆபரேட்டர் அண்ணன் பேசவே இல்லை. அளந்தால் 27.0. துடைத்ததற்கு மட்டும் 11 சதவீதம்.

அப்புறம் லேசர் சர்வீஸ் அண்ணன் மூன்று திருகையும் சரிசெய்தார். நான் சீட்டில் உட்கார்ந்து எண்ணைக் கத்திச் சொல்ல, அவர் கேபினில் திருக, 28, 30, 29, 31 என்று ஆடி ஆடி 33.9-இல் நின்றது. 9.9 ஃபுட்லம்பர்ட். ஒரு பைசா செலவில்லாமல் 40 சதவீதம் ஏறியிருக்கிறது. ஆனால் இடது ஓரம் 13.9தான். நடுவில் இருப்பதில் 41 சதவீதம். துடைப்பதற்கு முன்னாலும் ஏறக்குறைய அதே விகிதம்தான்.

அளவுகோல் மேடம் சொன்னபடி திரையிலேயே வைத்த லக்ஸ்: நடுவில் 56, இடது ஓரத்தில் 48, வலது ஓரத்தில் 47.

#13 · அளவுகோல்

அருமையான அளவீடு. எனக்கு இதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருக்கிறது.

லக்ஸைப் பாருங்கள். ஓரத்தில் 48, நடுவில் 56, அதாவது 86 சதவீதம். ப்ரொஜெக்டர் ஒளியைச் சமமாகத்தான் பரப்புகிறது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீட்டிலிருந்து பார்த்தால் 41 சதவீதம். அப்படியானால் நடுவில் ஒளியைக் கொட்டி ஓரத்தில் பிடித்து வைப்பது திரை. நிட்டைப் பையால் பெருக்கி லக்ஸால் வகுத்தால் திரையின் கெயின் வரும், அதாவது ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறவிடும் மேட் வெள்ளைத் திரையைவிட இது எத்தனை மடங்கு ஒளி தருகிறது என்பது. நடுவில் 1.9, ஓரத்தில் 0.91. இது சில்வர் ஸ்க்ரீன்தானே? 3டிக்காகப் போட்டதா?

#14 · இரவுக்காட்சி

ஆமாம் மேடம். 3டி படங்கள் நிறைய வந்த நேரத்தில் மாற்றியதாம். இப்போது வருடத்துக்கு ஒன்று ஓடினால் அதிகம்.

#15 · கேபின்

நினைத்தேன். சில்வர் ஸ்க்ரீன் கண்ணாடி மாதிரி, நேரே நிற்கிறவனுக்கு முகம் காட்டும், பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காட்டாது. போலரைசர் கண்ணாடி போட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது, அதனால் போட்டார்கள். ஓரத்து சீட்டில் உட்கார்ந்து எதிர் மூலையைப் பார்த்தால் இன்னும் மோசமாக இருக்கும், அளந்தீர்களா?

#16 · லேசர் சர்வீஸ்

அளந்தோம் அண்ணே. இடது ஓரத்துக் கடைசி சீட்டிலிருந்து வலது ஓரத்தைப் பார்த்தால் 6.2 நிட். டிக்கெட் விலை ஒன்றுதான்.

திரையை மாற்றிவிடலாம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. திரை 11 மீட்டர் அகலம், ஸ்கோப் என்னும் அகலப் படத்துக்கு 4.6 உயரம், ஏறக்குறைய 50 சதுர மீட்டர். சராசரி 52 லக்ஸ் என்றால் திரைக்கு வருவது 2,600 லூமன்தான். புதிதாக இருந்தபோது இந்தக் கருவி 9,000 லூமன் தரக்கூடியது. ஸ்கோப் படத்தில், ப்ரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் சிப்பின் 1080 வரியில் 858 வரிதான் எரிகிறது, அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு போகிறது. மிச்சம் போனதெல்லாம் வயதான பல்பும் குறைத்து வைத்த கரண்டும்.

இப்போது இருக்கும் ஒளியில் கெயின் 1 உள்ள மேட் திரை மாட்டினால் எல்லா சீட்டிலும் சமமாக 16.5 நிட் வரும், 4.8 ஃபுட்லம்பர்ட். எல்லாருக்கும் சமமான இருட்டு. 48 நிட் வேண்டுமென்றால் திரையில் 151 லக்ஸ் விழ வேண்டும், 7,600 லூமன். புது பல்ப் போட்டாலும் எட்டுவது கஷ்டம். நடுவாந்தரமாக கெயின் 1.4 மாதிரி ஒரு வெள்ளைத் திரை, கூடவே புது பல்ப், கரண்டை முழுதாக வைத்தால் வரம்புக்குள் வந்துவிடலாம்.

#17 · அளவுகோல்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரவுக்காட்சியின் முதல் கேள்வி முறத்தைப் பற்றி. உச்ச ஒளி பாதியானால் முகமும் பாதியாகும், அது சரி. சுவரும் முறமும் அடியோடு காணாமல் போனதற்கு அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். கறுப்பை அளந்தீர்களா? ப்ரொஜெக்டர் ஷட்டரை மூடிவிட்டு, ஆட்கள் படம் பார்க்கும்போது எந்தெந்த விளக்கு எரியுமோ அதையெல்லாம் எரியவிட்டு.

#18 · இரவுக்காட்சி

அளக்கவில்லை. லேசர் சர்வீஸ் அண்ணன் மீட்டரை ஒரு வாரம் என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் (அண்ணே, பத்திரமாக இருக்கிறது, பெட்டியை வீட்டில் பூட்டி வைத்திருக்கிறேன்). நாளை அளக்கிறேன்.

#19 · இரவுக்காட்சி

மேடம், நீங்கள் சொன்னது சரி.

ப்ரொஜெக்டர் ஒளி ஒரு துளிகூட இல்லாமல், திரையின் கீழ்ப் பாதியில் 0.31 நிட். படிக்கட்டு ஓரத்தில் புதிதாக எல்இடி பட்டை ஒட்டியிருக்கிறார்கள், வெள்ளை நிறம், திரையைப் பார்த்தபடி. வெளியேறும் வழி போர்டுகள் இரண்டு. பட்டையை மட்டும் அணைத்தால் 0.07. நடுவில் 33.9, கறுப்பு 0.31 என்றால் 109-க்கு 1. கிரேடிங் அறையில் வெள்ளைத் திரைக்கும் கறுப்புத் திரைக்கும் 2000-க்கு 1 என்பார்கள்.

எங்கள் கிரேடிங் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் வெளிச்சம் படும் பக்கம் 2 நிட் பக்கம் இருக்கிறது. சுவரும் முறமும் 0.3, 0.4. தியேட்டரில் அது பாதியாகி 0.2-க்கு வந்திருக்கும், அதன் மேல் 0.31 வெளிச்சப் பூச்சு. முறத்தைவிட வெளிச்சமான ஒரு மூடுபனி அதற்கு முன்னால் நின்றிருக்கிறது. இதை லக்ஸ் மீட்டர் காட்டியே இருக்காது, கண்ணும் காட்டவில்லை. படிக்கட்டு விளக்கு நல்லதுதானே என்று அன்றைக்கு நானே அதைப் பார்த்து இறங்கியிருக்கிறேன்.

#20 · கேபின்

படி விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள் தம்பி, வயசானவர்கள் விழுந்துவிடுவார்கள். வெளியேறும் போர்டைத் தொடவே கூடாது, தீ என்று வந்தால் அதுதான் உயிர். பட்டைக்கு மேலே அலுமினியத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மடிப்பு வைத்து, உள்பக்கம் கறுப்புப் பூசி, ஒளி படியின் மேல் மட்டும் விழும்படி செய்யச் சொல்லுங்கள். பழைய தியேட்டர்களில் அப்படித்தான் இருக்கும், சின்ன தகர மூடிக்குள்ளே பல்ப்.

#21 · இரவுக்காட்சி

ஆபரேட்டர் அண்ணனும் நானும் சேர்ந்து கறுப்பு அட்டையில் மடிப்பு செய்து ஒட்டினோம், தகரம் பிறகு அடிக்கிறார்களாம். இப்போது கறுப்பு 0.09 நிட். படி நன்றாகவே தெரிகிறது, உரிமையாளரின் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தோம். புது பல்புக்குச் சொல்லியிருக்கிறார், திரைக்கு இந்த வருடம் பணம் இல்லை என்றார்.

நேற்று இரவுக் காட்சிக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். நடு சீட்டில் சுவர் தெரிகிறது, முறம் இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் தெரிகிறது. எழுந்து இடது ஓரத்துக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், அங்கே இல்லை. புது பல்ப் மாட்டிய பிறகு ஓரத்து சீட்டில் எவ்வளவு வரும் என்று இப்போதே கணக்குப் போட முடியுமா? வராது என்றால் ஓரத்தில் இருக்கும் ஆறு சீட்டை விற்காமல் விட்டுவிடட்டுமா என்று உரிமையாளர் கேட்கிறார்.

#22 · அளவுகோல்

முடியும். ஓரத்து சீட்டிலிருந்து நடு, இடது, வலது மூன்றையும் அளந்து, நடு சீட்டு எண்களோடு சேர்த்து இங்கே போடுங்கள். திரையின் விகிதம் பல்ப் மாறினாலும் மாறாது. புது பல்பின் நடு எண் கிடைத்ததும் அந்த விகிதத்தால் பெருக்கினால் போதும். மீட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அளந்துவிடுங்கள்.